அப்பாவின் ஜாப்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உலகத்தில் முதன்முதலாக அச்சடித்த தபால்தலை கறுப்பு நிறம். அதன்மேல் குத்திய முத்திரை சரியாகத் தெரியவில்லை என்று சீக்கிரமே சிவப்புக்கு மாற்றிவிட்டார்கள். பார்த்தாயா, பேனாவை எடுத்து இரண்டு வரி முடிவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்! சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அதன் முன்னால் ஒரு பொது அறிவுத் துணுக்கை நீட்டுவது என் பழைய வியாதி. உனக்குத் தெரியாததா? இந்தக் கடிதத்துக்குத் தபால்தலையே வேண்டாம். தபாலில் போட்டால் நாளைக்குள் உன் கைக்கு வராது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து நானே ஓசூரிலிருந்து பெங்களூர் வந்து, உன் ஹாஸ்டல் வாசலில் உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை எதிரே இருக்கும் டீக்கடையில் நிற்கப்போகிறேன். நேரில் வருகிறவர் வாயாலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். சொல்ல முடிந்திருந்தால் நேற்று போனிலேயே சொல்லியிருப்பேன்.

நேற்று நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அப்பா, வெளிநாட்டுக்குப் போறதுக்கு ஒரு ஃபார்ம் குடுத்திருக்காங்க. அதுல அப்பா என்ன வேலைன்னு ஒரு கட்டம் இருக்குது. என்னான்னு எழுதட்டும்? திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள குடுக்கணும்." நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இருக்கும். "எக்ஸ் ரேக்கு ஏன் எக்ஸ்னு பேர் வந்துச்சு, சொல்லு பாக்கலாம்? கண்டுபிடிச்சவருக்கே அது என்னான்னு தெரியல, அதான்" என்றேன். நீ, "அப்பா, ஃபார்ம்" என்றாய். நான் போனை உன் அம்மா கையில் திணித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். இருபத்துமூன்று வயது மகளின் கேள்விக்குப் பயந்து ஓடி, முருங்கை மரத்தடியில் நின்றவனைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், "என்னா சார், காய் பறிக்கிறீங்களா?" என்று கேட்டார். சீசன்கூட இல்லை.

நீ படிவத்தை நிரப்புவதற்காக மட்டும் அதைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். என் வேலை என்ன என்று உனக்கு நன்றாகவே தெரியும். என் வாயிலிருந்து அது வருகிறதா என்று பார்த்தாய். பதிமூன்று வருஷமாக நீ என்னிடம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. வரவில்லை. அதனால்தான் இன்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அந்தக் கட்டத்துக்கும் எனக்கும் பகை ரொம்பப் பழையது. சிங்காரப்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் நான் படித்தபோது, ஆசிரியர் வருஷத்துக்கு ஒருமுறை ரிஜிஸ்டரைத் திறந்து ஒவ்வொரு பையன் பேரையும் சொல்லி, அப்பா பேரையும் சொல்லி, அப்பாவின் தொழிலையும் சத்தமாக வாசிப்பார். விவசாயம், வியாபாரம், விவசாயம், கணக்கர் என்று போய்க்கொண்டிருக்கும். என் பேர் வந்ததும் "கூலி" என்பார். அவர் கெட்ட எண்ணத்தில் வாசிக்கவில்லை, பாவம். என் அப்பாவுக்கு வேலை என்று ஒரு பேரே கிடையாது. களை எடுக்க ஆள் வேண்டுமா, கிணற்றில் சேறு வார வேண்டுமா, யார் குரல் கொடுத்தாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். நான் ஐ.டி.ஐ.க்கு மனுப் போட்டபோது அந்தக் கட்டத்தில் "விவசாயம்" என்று எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா, அந்தத் தாளின் கீழே கைநாட்டு வைத்தார். நான் எழுதியிருந்த பொய்க்கு அவரே சாட்சி. இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. முதன்முதலாக உனக்குத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளின் பின்பாதியில் ஓசூருக்கு வந்தேன். ஊரைச் சுற்றிப் பாறையும் கேழ்வரகுக் கொல்லையுமாக இருந்த இடத்தில் ஒவ்வொன்றாகத் தகரக் கூரைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஒரு கம்பெனியில் லேத்தில் இரும்பு கடையும் டர்னராகச் சேர்த்துக்கொண்டார்கள். சேலம், திருச்சி, தர்மபுரி என்று எல்லா ஊர்க்காரனும் ஒரே ரூமில் கிடந்தோம். அத்திப்பள்ளிக்காரர் ஒருவர் எங்களோடு இருந்தார், கன்னடக்காரர், யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவார். நான் வந்த முதல் வாரம், "சந்தைல நல்ல சொப்பு இருக்கும், வாங்கிட்டு வா குரு" என்று அனுப்பினார். நானும் சந்தை முழுக்க அலைந்து, குழந்தைகள் சோறாக்கி விளையாடும் மரச்சொப்பு ஒரு செட் வாங்கி வந்தேன். அவர் பாஷையில் சொப்பு என்றால் கீரை. ரூமே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். ரோட்டைத் தாண்டினால் சொல்லுக்கு அர்த்தம் மாறும் ஊர் இது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் உன் விஷயத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை, அதுதான் கொடுமை.

எங்கள் ஷாப்பில் ஜாப் என்றால் உத்தியோகம் இல்லை. லேத்தின் சக் என்கிற பிடியில் கட்டிக் கடைகிற இரும்புத் துண்டுக்குப் பேர் ஜாப். "ஜாப் கட்டியாச்சா?", "ஜாப் ஆடுது, டைட் பண்ணு", "நேத்து போட்ட ஜாப்ல நாலு ரிஜெக்ட்". காலையில் உள்ளே போனால் வெளியே வரும்வரை இந்தச் சொல்தான். வீட்டுக்கு வந்தாலும் அது நாக்கைவிட்டுப் போகாது. நீ தவழ்கிற வயதில், நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே உன் அம்மா கேட்பாள், "இன்னைக்கு என்னா ஜாப்?" என்று. "பின்" என்பேன், இல்லாவிட்டால் "புஷ்" என்பேன். பின் என்றால் உருண்டையான இரும்புத் தண்டு, புஷ் என்றால் அது உள்ளே பொருந்தும் குழல்; சில மாதம் அது, சில மாதம் இது. வேப்பனப்பள்ளி மாந்தோப்புகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த அவளுக்கு அது இரண்டும் என்னவென்றே தெரியாது, ஆனாலும் கேட்பாள். நீ அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாய்.

உனக்கு ஐந்து வயதானபோது ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு இன்டர்வியூவுக்கு அழைத்துப் போனேன். ஒரு மாதமாகத் தயார் செய்திருந்தேன். நிறங்கள் சொன்னாய், ஒரு பாட்டுச் சொன்னாய், மேஜைமேல் இருந்த உலக உருண்டையில் இந்தியாவைத் தொட்டுக் காட்டினாய். எனக்கு மார்பு விரிந்தது. கடைசியாக அந்த அம்மாள், "வாட் இஸ் யுவர் ஃபாதர்ஸ் ஜாப்?" என்று கேட்டார். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பின், மிஸ்" என்றாய். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். நீ உதவி செய்கிறவள் போல, "போன மாசம் புஷ்" என்றும் சேர்த்துச் சொன்னாய். "பின்னா? ஊசி வியாபாரமா?" என்று கேட்டுவிட்டு அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். இடம் இல்லாததால் அனுப்பினார்களோ என்னவோ, எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நான் உன் பதிலால்தான் என்று முடிவு கட்டினேன்.

பஸ் ஸ்டாண்டில் ஜனங்களுக்கு நடுவில் நிறுத்தி உன்னைத் திட்டினேன். "அறிவில்ல ஒனக்கு? அப்பா என்னா வேலைன்னு கேட்டா சொல்லத் தெரியாது?" நீ அழுதுகொண்டே, "நீதான பின்னுன்னு சொன்ன?" என்று கேட்டாய். எங்கள் ஷாப்பில் ஒரு பாடம் உண்டு: கடைந்து முடித்த சூட்டோடு ஜாபை அளக்கக் கூடாது. சூட்டில் இரும்பு பெருத்திருக்கும், அளவு தப்பாகக் காட்டும், ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும். தினமும் அதைச் செய்கிறவன் அன்றைக்கு உன்னைச் சூட்டோடு அளந்தேன். நீ சொன்னதில் என்ன தப்பு? உன் அப்பாவின் ஜாப் அந்த மாதம் பின்தான்.

அடுத்த வருஷத்துக்குள் உனக்கு ஒரு வாக்கியத்தைப் பழக்கினேன். "மை ஃபாதர் இஸ் அன் இன்ஜினியர்." சாப்பிடும்போது கேட்பேன், குளிக்கும்போது கேட்பேன், தூக்கத்திலிருந்து எழுப்பினாலும் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் ஆனது. ஃபார்மில் நான் "இன்ஜினியரிங்" என்று மட்டும் எழுதினேன். கம்பெனிப் பேரில் பாதி அது. முழுப்பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை, சாமர்த்தியமாக எழுதிவிட்டதாக எனக்கு நினைப்பு. உனக்கு இடம் கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருந்தால் நான் அன்றைக்கே புத்தி தெளிந்திருப்பேன். பொய் பலித்ததால் அதுவே சரி என்று ஆகிப்போனது.

அதற்குப் பிறகுதான் பொது அறிவுப் பைத்தியம் முற்றியது. யாரும் எதைக் கேட்டாலும் என் மகள் முழிக்கக் கூடாது, யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். கம்பெனியில் கழித்துப்போட்ட ஒரு நீள ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கி வந்து, பழைய புத்தகக் கடைகளில் கிடைத்ததையெல்லாம் அதில் எழுதினேன். சைக்கிள் பாரில் உன்னை உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் பரீட்சை. ஏரிக்கரை வந்தால் அறிவியல், ரயில்வே கேட் வந்தால் தலைநகரங்கள், சந்தை முனை திரும்பினால் தொழில்கள். கேட் அடைத்திருந்தால் உனக்குச் சிரமம், ஆப்பிரிக்கா முழுவதையும் கேட்டுவிடுவேன். சரியாகச் சொன்னதற்கெல்லாம் சாயங்காலம் நோட்டில் அந்த வரிக்கு எதிரே சிவப்பு மையில் டிக். நீ பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டிக்குகளை எண்ணுவாய். நீ எண்ணும்போது உன் வாயிலிருந்து வரும் பல்பொடி வாசனை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் ஆயுசில் அதைவிட நல்ல சாயங்காலங்கள் எனக்கு வாய்க்கவில்லை, பாப்பா.

தொழில்கள் என்று நான்கு பக்கம் இருந்தது. இடதுபக்கம் இங்கிலீஷில் தொழிலின் பேர், வலதுபக்கம் தமிழில் அர்த்தம். கூப்பர் என்றால் மரப்பீப்பாய் செய்கிறவர். ஃபேரியர் என்றால் குதிரைக்கு லாடம் அடிக்கிறவர். மில்லினர் என்றால் பெண்களுக்குத் தொப்பி செய்கிறவர். ஓசூரில் எந்தப் பெண் தொப்பி போட்டாள், சொல்! அதெல்லாம் இருந்தது. நான் பார்த்து எழுதிய புத்தகத்தில் டர்னர் இல்லை. டி வரிசையில் டெய்லர் இருந்தது, தோல் பதனிடும் டானர் இருந்தது, அதற்கடுத்து நேராக யு வரிசைக்குப் போய்விட்டது. புத்தகத்திலேயே இல்லாத வேலையை எப்படிச் சொல்வது என்று அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். கையில் பேனா இருந்தது, நோட்டு என்னுடையது, ஒரு வரி நானே சேர்த்து எழுதியிருக்கலாம் அல்லவா?

பாரிஸில் இருக்கும் இரும்புக் கோபுரம் கோடையில் கொஞ்சம் உயரும் என்று ஒருநாள் ஏரிக்கரையில் சொன்னேன். நீ நம்பவில்லை. ஜாப் சூட்டில் பெருக்கும் கதையைச் சொல்லி விளக்கினேன். கொஞ்ச தூரம் போனதும், "அப்ப அந்தக் கோபுரமும் ஒரு ஜாப்பாப்பா?" என்று கேட்டாய். நான் சைக்கிளை நிறுத்திச் சிரித்தேன். "பெரிய ஜாப். சக்குல கட்ட முடியாது" என்றேன். உனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாய்.

இனி எழுத வேண்டியதைத் தள்ளிப்போட முடியாது. உன் பத்தாவது வயதில் எங்கள் கம்பெனியில் ஃபேமிலி டே வைத்தார்கள். கேன்டீன் ஷெட்டில் பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் போட்டி. கடைசிச் சுற்றுக்கு மூன்று பேர் வந்தீர்கள். மற்ற இரண்டும் ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள். டர்னிங் செக்ஷனே உன் பின்னால் நின்றது. நான் டீ டிரம்முக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, உள்ளுக்குள் கால் நிலத்தில் பாவாமல் நின்றேன். கேள்வி கேட்டவர் மெட்ராஸிலிருந்து வந்திருந்த பெர்சனல் ஆபீசர். முதலில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார். பேர் சொன்னாய், வகுப்புச் சொன்னாய். "ஃபாதர் என்ன பண்றார்?" என்று கேட்டார். நீ நிமிர்ந்து, தெளிவாக, மைக்கில், "இன்ஜினியர், சார்" என்றாய்.

நான் பழக்கிய வாக்கியம் வேறு எங்கே சொன்னாலும் செல்லும், அந்த ஒரு ஷெட்டில் மட்டும் செல்லாது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? முன்னூறு பேருக்கும் நான் யாரென்று தெரியும். முதலில் ஒரு விசில் வந்தது. பிறகு ஷெட்டே சிரித்தது. "ஏன் குரு, யாவாக இன்ஜினியர் ஆதே?" என்று அத்திப்பள்ளிக்காரர் கத்தினார். எப்போது ஆனாய் என்று கேட்டார், அவ்வளவுதான். அவர் நல்ல மனுஷர், கேலிக்குத்தான் கேட்டார். அந்த ஆபீசர் கையிலிருந்த தாளைப் பார்த்து, "டர்னர்னு இல்ல போட்டிருக்கு? இன்ஜினியர்னு யார் சொன்னா உனக்கு?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். ஷெட்டே திரும்பி என்னைப் பார்த்தது. எழுந்து வந்து, "நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், ஒரு நிமிஷச் சிரிப்போடு முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "சின்னப் புள்ள சார், என்னமோ ஒளறுது" என்றேன்.

நீ அழவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. முதல் கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டு "தெரியாது, சார்" என்றாய். இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதாக, வெயில் காலத்தில் உயரம் கூடுகிற கோபுரம் எது என்று கேட்டார். நீ மறுபடியும் தெரியாது என்றாய். வீட்டுக்குத் திரும்பும்போது, கேரியரில் உன் அம்மாவும் பாரில் நீயுமாக மூன்று பேர் அந்தச் சைக்கிளில் வந்தோம். "அந்தக் கோபுரக் கேள்வி ஒனக்குத் தெரியுமே, ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அப்போதாவது மன்னிப்புக் கேட்டேனா பார், கோபுரத்தைப் பற்றிக் கேட்டேன்! "தெரியல" என்றாய். அதற்குப் பிறகு நான் எந்தக் கேள்வி கேட்டாலும் உன் பதில் அதுதான். ஏரிக்கரையிலும் தெரியல, ரயில்வே கேட்டிலும் தெரியல. சண்டையும் போடவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை, வெறும் தெரியல. ஒரு மாதம் பார்த்துவிட்டு நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டேன். பிள்ளைக்குத் திமிர் வந்துவிட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "அவ சொன்னது ஒளறலா, நீங்க சொல்லிக் குடுத்ததா? அந்த எடத்துலயே வாயத் தொறந்திருந்தா முடிஞ்சிருக்கும்ல?" என்று கேட்டாள். அதற்கு அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

பிறகு நீ கம்ப்யூட்டர் படித்தாய், பெங்களூரில் வேலைக்குப் போனாய். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டில் இருந்தபோது உன் ஆபீஸ் சிநேகிதியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். "காலைல ஏத்துன ஜாப் இன்னும் முடியல, ஹேங் ஆயிருச்சு போல, எங்கியோ பக் இருக்குது" என்றாய். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். நீ போனை வைத்ததும், "ஜாப்னா என்னா பாப்பா?" என்று கேட்டேன். வருஷக்கணக்கில் வராத பதில் அன்றைக்கு வந்தது. "மெஷினுக்குக் குடுக்கற வேலைப்பா. ஒண்ண ஏத்தி விட்டா, முடியிற வரைக்கும் அதுபாட்டுக்கு ஓடும்" என்றாய். "சக்குல கட்டி ஓட விடற மாதிரி" என்றேன். நீ என்னைப் பார்த்து, "ஆமாப்பா, அதே மாதிரிதான்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் ஐந்து வயதுப் பாப்பா இருந்தாள். உன் தொழிலிலும் ஜாப் என்றால் உத்தியோகம் இல்லை, மெஷினில் ஏற்றுகிற பொருள்தான்! அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும்: பாப்பா, அந்த இன்டர்வியூவில் நீ சொன்னது சரி, உன் அப்பன் தொழிலிலும் சரி, உன் தொழிலிலும் சரி என்று. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான் என்ன சொன்னேன்? "பக்னா பூச்சிதான, அந்தக் காலத்துல ஒரு கம்ப்யூட்டருக்குள்ள நெஜமாவே ஒரு பூச்சி மாட்டிக்கிச்சு, அத எடுத்து நோட்டுல ஒட்டி வெச்சாங்க, தெரியுமா?" என்றேன். "தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாய்.

உபதேசம் இல்லாமல் அப்பன் கடிதம் ஏது? நீ போகிற ஊரில் என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் நிறைய இருப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல், வெட்கப்படாதே. ஆனால் தெரிந்ததை யாருக்காகவும் தெரியாது என்று சொல்லாதே, அந்தப் பழக்கம் என்னால் வந்தது, அதை இங்கேயே விட்டுவிட்டுப் போ. நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை பிறந்து, அது நாலு பேர் முன்னால் எதையாவது தப்பாகச் சொன்னால், எந்தப் பாஷையில் அது சரி என்று முதலில் பார். தொப்பி தைக்கிறவரையும் பீப்பாய் செய்கிறவரையும் அதற்குச் சொல்லிக்கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் தாத்தா என்ன செய்தார் என்று சொல்லிவிடு. அதற்கும் முந்தின தாத்தா கூலிக்குப் போனவர், அதையும் சொல்லிவிடு.

ஒரு உண்மையையும் மறைக்க மாட்டேன். போன வருஷம் கம்பெனியில் பழைய லேத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, பட்டன் தட்டினால் தானாகக் கடையும் மெஷின்களை வைத்தார்கள். எங்கள் அடையாள அட்டையையும் மாற்றி, எல்லோருக்கும் டெக்னீஷியன் என்று பேர் போட்டார்கள். இன்று காலை காபி குடிக்கும்போது, அதையே எழுதச் சொல்லிவிடலாமே, பொய்யும் இல்லையே என்று ஒரு சபலம் தட்டியது. உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் டம்ளரிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னும் உங்களுக்குப் போதலியா?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் பரண்மேல் ஏறி அந்த ரிஜிஸ்டரைத் தேடி எடுத்தேன். ஓரமெல்லாம் கரையான் அரித்திருக்கிறது, உள்ளே நன்றாக இருக்கிறது. டிக்குகளைப் பார்த்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டி, தொழில்களுக்கு வந்தேன். டி வரிசையில், டானருக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இருந்த குறுகலான இடத்தில், பென்சிலால் ஒரு வரி இருக்கிறது. என் எழுத்து இல்லை. இடதுபக்கம் இங்கிலீஷில் டர்னர். வலதுபக்கம் தமிழில், "ஜாப் செய்பவர். என் அப்பா."

எழுத்து ஐந்தாம் வகுப்பு எழுத்து. ஃபேமிலி டேக்கு முன்னால் எழுதினாயா, பின்னால் எழுதினாயா என்று எனக்குத் தெரியவில்லை. முன்னால் என்றால், என் வேலைக்குப் பேர் தெரிந்திருந்தும் எனக்காக அந்த மைக்கில் பொய் சொன்னாய். பின்னால் என்றால், நீ சொன்னதை நான் உளறல் என்று சொன்ன பிறகும் என்னை அந்த நோட்டில் சேர்த்தாய். இரண்டில் எது என்றாலும் என்னால் தாங்க முடியவில்லை. பரணுக்குக் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். என்னை மன்னித்துவிடு, பாப்பா. அந்த ஷெட்டில் உளறியது நான்தான்.

அந்த வரிக்கு எதிரே டிக் இல்லை. சிவப்புப் பேனா வீட்டில் எங்கேயும் கிடைக்கவில்லை. கடைக்குப் போய் ஒன்று வாங்கிவந்து இப்போதுதான் போட்டேன். நோட்டையும் இந்தக் கடிதத்தோடு கொண்டு வருகிறேன், அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். ஃபார்மில் இருக்கிற கட்டத்தில் அதைப் பார்த்து எழுது. எழுத்துக்கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது.

எதிரே டீக்கடையில் நிற்கும்,
உன் அப்பா.